விளையாடி முடித்தபின் என்ன கேட்பது?

வாசகர் கேள்வி:

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியப் பொறுப்பைச் சில மாதங்களுக்கு முன் போதகர் என்னிடம் கொடுத்தார். 13 வயதிலிருந்து 22 வயது வரை சுமார் 25 பேர் வருகிறார்கள். பாட்டு, விளையாட்டு, வேதபாடம், ஜெபம் என்று ஒன்றரை மணி நேரம் கூடுகிறோம். விளையாட்டு என்றால் ஒரே உற்சாகம். வேதாகமத்தைத் திறந்ததும் பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விடுகிறார்கள். இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் கிடைக்கின்றன, ஆனால் எதை எதற்காக எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வசனத்தைச் சொல்லி இணைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மூன்று நான்கு பிள்ளைகள் எப்போதும் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். மூப்பர்களோ, "விளையாடவா சபைக்கு வருகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். நோக்கத்தோடு விளையாட்டுகளைத் திட்டமிடுவது எப்படி?

- ஒரு சகோதரி

பதில்:

அன்பான சகோதரிக்கு,

கடைசியில் சொன்ன வசனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒட்டாதுதான். விளையாட்டை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற வசனத்தைப் பிறகு தேடினால், அந்த இழுப்பு பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் அதை மறைக்கவே முடியாது. "இவ்வளவு நேரம் விளையாடவிட்டது இதைச் சொல்லத்தானா" என்று முகத்திலேயே காட்டிவிடுவார்கள். அதன்பின் அடுத்த விளையாட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்த வாரம் இந்தப் பிள்ளைகளுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "அன்பு", "ஒற்றுமை" என்று எழுதினால் எந்த விளையாட்டும் பொருந்துகிற மாதிரி இருக்கும், அதனால் எதுவும் பொருந்தாது. "புதிதாக வந்த இரண்டு பேரின் பெயரும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்", "தேர்வு பயத்தைப் பற்றி ஒருவராவது வாய்திறந்து பேச வேண்டும்", "மூத்தவர்கள் சின்னவர்களின் யோசனையைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்" என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். அது நடக்க எந்த விதி உதவும் என்று அடுத்து யோசியுங்கள். விளையாடி முடித்தபின் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் திட்டமிடும் நேரத்தில் பாதி இந்தக் கேள்விகளுக்கே போக வேண்டும். பெரும்பாலான தலைவர்கள் அந்த நேரம் முழுவதையும் விளையாட்டைத் தேடுவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

விதி எப்படி நோக்கத்திலிருந்து பிறக்கிறது என்பதற்குக் கிறிஸ்தவ வாலிபர் ஊழியத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1844ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது ஜவுளிக்கடை ஊழியர், தன்னைப் போன்ற இளைஞர்கள் ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம். அந்த இயக்கம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடத்திய பயிற்சிப் பள்ளியில் 1891 குளிர்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. வெளியே விளையாட முடியாத பருவம். உள்ளே உடற்பயிற்சி செய்து அலுத்துப்போன 18 மாணவர்களை யாராலும் சமாளிக்க முடியவில்லை. அந்த வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் வந்தது. அவர் இறையியல் படித்துவிட்டு வந்தவர், வயது 30. புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்க அவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம்.

அவர் முதலில் பார்த்தது, ஏற்கெனவே இருந்த விளையாட்டுகளில் அடிதடி எங்கிருந்து வருகிறது என்பதை. ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான் மற்றவன் அவனைப் பிடித்துத் தள்ளுகிறான். சரி, பந்தோடு ஓடக்கூடாது என்று ஒரு விதி. கோல் தரைமட்டத்தில் இருந்தால் பலம் கொண்டவன் வேகமாக அடிப்பான், எதிரில் நிற்பவனுக்குக் காயம். அதனால் கூடையைத் தலைக்கு மேலே கட்டினார். அங்கே முரட்டு வேகத்தால் பயனில்லை, பந்தை மெதுவாக வளைத்துப் போட வேண்டும். இப்படி 13 விதிகளோடு பிறந்ததுதான் கூடைப்பந்து. அந்த விளையாட்டில் யாரும் கடைசியில் எழுந்து "முரட்டுத்தனம் கூடாது" என்று பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. அந்த வேலையை விதியே செய்துவிடுகிறது. நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். விளையாட்டு பழையதாகவே இருக்கட்டும், உங்கள் நோக்கத்துக்காக அதில் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும்.

நான் பயிற்சிகளில் விரும்பி நடத்தும் ஒரு விளையாட்டை முழுதாகச் சொல்கிறேன். உங்கள் குழுவின் அளவுக்கு அப்படியே பொருந்தும்.

தேவையானவை இரண்டு போர்வை, இரண்டு லேசான பந்து, ஒரு வாளி. நான்கு நான்கு பேராக இரண்டு அணி. ஒவ்வொரு அணியும் போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் பந்தை வைத்து, அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உள்ள வாளிக்குள் சேர்க்க வேண்டும். போர்வையை விடக்கூடாது, வழியில் நிற்பவர்களைக் கையாலோ தோளாலோ தள்ளக்கூடாது, பந்து விழுந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து. பேசலாம், கேட்கலாம்.

மீதி 17 பேர் அந்த வாளியைச் சுற்றி நெருக்கமாக நிற்கிறார்கள். அணிகளை வெளியே அனுப்பிவிட்டு இவர்களிடம் தனியாக ஒரு வேலை கொடுங்கள். வாளிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ஒரு கதையைத் தாழ்ந்த குரலில் வாசிப்பார், முடிந்ததும் அதிலிருந்து ஐந்து கேள்விகள் வரும், பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வழியை மறிக்கச் சொல்லாதீர்கள். இதுதான் இந்த விளையாட்டின் உயிர். அவர்கள் நல்ல காரியம் ஒன்றைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், கவனமாகக் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முதுகு பந்தைக் கொண்டுவருகிறவர்களுக்குச் சுவராகிவிடுகிறது.

என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு அணி கத்தும். ஒரு அணி கெஞ்சும். "கொஞ்சம் தள்ளுங்க" என்று கேட்டால், கூட்டத்திலிருந்து "ஷ்ஷ்" என்று பதில் வரும். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கதைக்கே போய்விடுவார்கள். சில அணிகள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகும். திடீரென்று ஒரு அணி போர்வையைத் தலைக்கு மேல் உயர்த்தும். 10 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், பந்து வாளியில் விழுந்தாலும் விழாவிட்டாலும்.

தண்ணீர் குடிக்கவிட்டு, வட்டமாகத் தரையில் உட்காரவையுங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். முதல் கேள்வி கூட்டத்துக்கு: "போர்வையோடு வந்தவர்களை எப்போது கவனித்தீர்கள்?" அடுத்தது: "கவனித்தபின் ஏன் நகரவில்லை?" "கதையைத் தவறவிட்டுவிடுவோமே" என்று யாராவது சொல்வார்கள். சுமந்து வந்தவர்களிடம், "அந்த 'ஷ்ஷ்' கேட்டபோது எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் மாற்கு இரண்டாம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களைத் திறக்க வேண்டும். கப்பர்நகூமில் இயேசு வசனம் சொல்லிக்கொண்டிருந்த வீடு, வாசலுக்கு முன்னும் இடமில்லாத கூட்டம், திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நான்கு பேர், பிரிக்கப்பட்ட கூரை. போர்வையைத் தலைக்கு மேல் தூக்கிய அணியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும்.

இந்தப் பகுதியைப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள், எப்போதும் அந்த நான்கு நண்பர்களின் பக்கமிருந்து. அன்றைக்கு முதல்முறையாகக் கூட்டத்தின் பக்கமிருந்து கேட்பார்கள். வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்களாக வரவில்லை. வசனம் கேட்க வந்தவர்கள், நம்மைப் போல. "நம் கூடுகைக்கு வெளியே நிற்பவர்களுக்கு நம் முதுகு தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். இங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை: யாருடைய பெயரையும் சொல்லவிடாதீர்கள். ஓரமாக உட்காருகிற பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்க்கிற நிலை வந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தங்கள் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

இந்தக் கேள்வி நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்களில் இதுதான் நடப்பதில்லை. அனுபவத்திலிருந்து கற்பதைப் பற்றி டேவிட் கோல்ப் என்ற கல்வியாளர் 1984ல் ஒரு சுழற்சியை விளக்கினார். முதலில் ஒன்று நடக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்கிறோம், அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருகிறோம், அதை அடுத்த இடத்தில் செய்து பார்க்கிறோம். கேள்விகளும் அதே வரிசையில் போகலாம். என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, வாழ்க்கையில் இது எங்கே நடக்கிறது, இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம். முதல் கேள்வியைத் தாண்டி நேரே மூன்றாவதுக்குப் போனால் வருகிற பதில் "ஜெபிக்கணும்", "வேதம் வாசிக்கணும்" என்று மனப்பாடமாகத்தான் வரும். அப்படி வந்தால் மறுக்காமல், "சரி, இப்போ விளையாடினதுல அது எங்கே இருந்துச்சு?" என்று மென்மையாகத் திருப்பிக் கேளுங்கள்.

கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். பத்து எண்ணுவதற்குள் நீங்களே பதில் சொல்லிவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து யாரும் யோசிக்கமாட்டார்கள். 25 பேரும் ஒரே வட்டத்தில் இருந்தால் நான்கு பேர்தான் பேசுவார்கள். ஐந்தாறு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் 19 வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கட்டும். அவருக்குக் கேள்விகளை முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆண்டவரே இந்த முறையில் கற்பித்திருக்கிறார். யோவான் 13ல் அவர் தாழ்மையைப் பற்றிப் பேசிவிட்டுக் கால்களைக் கழுவவில்லை. முதலில் கழுவினார். பேதுரு தடுத்தான், வாக்குவாதம் செய்தான். எல்லாம் முடிந்து வஸ்திரத்தை உடுத்தித் திரும்ப உட்கார்ந்தபின்தான், நான் உங்களுக்குச் செய்ததை அறிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நல்ல சமாரியன் உவமையை முடித்தபோதும், இந்த மூவரில் யார் பிறன் என்று நியாயசாஸ்திரியிடமே கேட்டு, பதிலை அவன் வாயாலேயே வரவைத்தார்.

எல்லா விளையாட்டுக்கும் இப்படிக் கேள்விகள் வேண்டுமா? வேண்டாம். சும்மா சிரித்து ஓடி விளையாடவும் நேரம் வேண்டும். வாரம் முழுக்கப் படிப்பு, வேலை, வீட்டுக் கவலை என்று வருகிற பிள்ளைகளுக்கு அது தேவை. சகரியா எட்டாம் அதிகாரத்தில், தேவன் மீட்டெடுக்கும் எருசலேமின் வீதிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று வாக்குத்தத்தமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட விளையாட்டின் வாலில் வசனத்தைக் கட்டாதீர்கள். மகிழ்ச்சிக்காக விளையாடினோம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மாதத்தில் ஒரு கூடுகையில் மட்டும் நோக்கமுள்ள ஒரு விளையாட்டை ஆழமாக நடத்துங்கள், மற்ற வாரங்களில் லேசாக இருக்கட்டும். வாரா வாரம் பாடம் என்றால் நீங்களும் களைத்துப்போவீர்கள்.

ஓரமாக உட்காரும் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளை உடனே நிறுத்துங்கள். கூச்சமுள்ளவரும் ஓட முடியாதவரும்தான் முதலில் வெளியேறுவார்கள், மீதி நேரம் முழுக்க மற்றவர்களை வேடிக்கை பார்ப்பார்கள். பிடிபட்டவர் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளட்டும் என்று விதியை மாற்றினால் கடைசிவரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்பார்கள். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். கடைசியில் எடுக்கப்படுகிற பிள்ளைக்கு அது பல வருடம் மறக்காது. பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். முதலில் இருவர் இருவராகச் செய்யும் ஒன்று, பிறகு நால்வர், பிறகு எட்டு பேர் என்று வளர்த்தால் கூச்சம் தானாகக் குறையும். "வா, வா" என்று எல்லோர் முன்னிலும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு வேலை கொடுக்கலாம், ஆனால் அதே பிள்ளை எப்போதும் மதிப்பெண் எழுதுகிற ஆளாகவே நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேதாகம வினாடி வினா நடத்துகிறீர்களா? எப்போதும் அதே மூன்று பேர்தானே ஜெயிக்கிறார்கள்? வேதாகமத்தைத் திறந்துவைத்துத் தேடும் போட்டியாக மாற்றுங்கள். நெகேமியா மூன்றாம் அதிகாரம் பெயர்ப்பட்டியல் என்று எல்லோரும் தாண்டிப் போகிற பகுதி. அதிலேயே மதில் கட்டிய தட்டான் யார், தைலக்காரன் யார், தன் குமாரத்திகளோடு வந்து கட்டியவன் யார், வேலைக்குக் கழுத்துக் கொடுக்காத பிரபுக்கள் எந்த ஊரார் என்று அணிகளைத் தேடவிடுங்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கையே கட்டினார்கள் என்பதையும் கண்டுபிடிப்பார்கள். 52 நாளில் மதில் எழும்பியதன் ரகசியத்தில் அது ஒரு பங்கு. பிறகு காலி அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தங்கள் வீட்டிலோ வகுப்பிலோ சபையிலோ தாங்கள் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலையை எழுதி அடுக்கச் சொல்லுங்கள்.

சில விளையாட்டுகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். போட்டி போட்டு வேகமாக விழுங்கும் விளையாட்டில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. உயரத்திலிருந்து பின்பக்கமாக விழுந்து மற்றவர்கள் தாங்கும் 'நம்பிக்கை' விளையாட்டில் கழுத்தும் முதுகும் போகும். ஒருவரைக் கேலிப்பொருளாக்கிச் சிரிக்கும் எதுவும் வேண்டாம், அவரே சிரித்தாலும் வேண்டாம். கண்ணைக் கட்டுவதாக இருந்தால் சம்மதம் கேட்டுக் கட்டுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து விளையாடும்போது உடல் நெருக்கம் இல்லாத விளையாட்டாக எடுங்கள். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் கண்பார்வையில் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையோடு எந்தப் பெரியவரும், நீங்கள் உட்பட, மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பெற்றோரின் சம்மதமில்லாமல் படம் எடுத்துப் பகிராதீர்கள். இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் போதகரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

13 வயதும் 22 வயதும் ஒரே குழு என்பது உண்மையிலேயே கஷ்டம். விளையாட்டில் சேர்ந்திருக்கலாம், கலந்துரையாடலில் வட்டத்தை நடத்தும் அந்த ஒருவரைத் தவிர மற்றவர்களை வயதுவாரியாகப் பிரித்துவிடுங்கள். 13 வயதுப் பையன் பேச நினைக்கிற விஷயத்தை 22 வயதுக்காரர்கள் பலர் முன் பேசமாட்டான். மூத்தவர்களுக்கு மாதம் ஒருமுறை தனிக் கூடுகை வையுங்கள், மற்ற வாரங்களில் அவர்கள் உங்கள் உதவியாளர்கள்.

கைப்பேசி விஷயத்தில் ஒன்று மட்டும். விளையாட்டு வேறு, வேதபாடம் வேறு என்று நடுவில் ஒரு வெட்டு விழும் இடத்தில்தான் கைப்பேசி வெளியே வருகிறது. மாற்கு 2 விளையாட்டில் சொன்ன மாதிரி கேள்வியிலிருந்து நேரே வசனத்துக்குப் போனால் அந்த இடைவெளியே இருக்காது. வாசலில் ஒரு கூடை வைத்து, முதலில் நீங்களும் உதவியாளர்களும் உங்கள் கைப்பேசிகளை அதில் போடுங்கள். அன்றைக்கு அச்சிட்ட வேதாகமம் கையில் இருக்கட்டும்.

மூப்பர்களின் கேள்வியை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் மேல் அக்கறை இருப்பதால்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, அவர்களை ஒரு செயல்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சபையின் மூத்தவர் ஒருவரிடம் போய் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எங்கள் வயதில் உங்களுக்கு எதற்குப் பயம்? தேவன் உங்களைக் கைவிடவில்லை என்று எப்போது தெரிந்தது? எங்களுக்காக எதை ஜெபிக்கிறீர்கள்? அடுத்த கூடுகையில் அந்த மூத்தவரை அருகில் உட்காரவைத்து, அவர் சொன்னதைப் பிள்ளைகள் சபைக்குச் சொல்லட்டும். யோசுவா நான்கில் யோர்தானிலிருந்து 12 கற்களை எடுத்து வைக்கச் சொன்னதே, பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். பேரப்பிள்ளை வயதுள்ள ஒருத்தி, தான் சொன்ன பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்த மூப்பர், அந்த வாலிபர் கூடுகையின் பக்கம் நிற்பார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்த கூடுகைக்கு முன் உதவியாளர்களை வைத்துப் போர்வை விளையாட்டை ஒருமுறை ஆடிப் பாருங்கள். விதி குழப்பமா, இடம் போதுமா, பந்து அடிக்கடி விழுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கதை வாசிக்க, தாழ்ந்த குரலிலும் தெளிவாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கூடுகை முடிந்து எல்லோரும் போனபின் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, யார் எதிர்பாராமல் பேசினார்கள். கடைசி வரியில் எழுதிய அந்தப் பிள்ளையிடம் அடுத்த வாரம் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.